பறிச்ச பிறகும் பழுக்கும் திராட்சை

மாங்காயைப் பறிச்சு வைக்கோல்ல போட்டு வச்சா பழுக்கும். வாழைத்தாரை வெட்டி மூட்டம் போட்டா பழுக்கும். சப்போட்டா, பப்பாளி, சீத்தா எல்லாமே மரத்தை விட்டு வந்த பிறகும் தன் வேலையை முடிச்சுக்கிற பழங்கள். திராட்சை அப்படி இல்லைங்க. கொடியில கத்தரி பட்ட நிமிஷத்தோட அதோட பழுப்பு நின்னு போச்சு. புளிப்பா வெட்டினா புளிப்பாவேதான் உங்க வீட்டுக்கு வரும். நாலு நாள் வச்சிருந்தா காம்பு காயும், பழம் சுருங்கும், உதிரும். இனிப்பு மட்டும் ஏறாது.

இதைப் பட்டணத்துல இருக்குற பலபேருக்குத் தெரியாது. "வாங்கினப்ப புளிச்சது, ரெண்டு நாள் வச்சா சரியாயிரும்னு நெனச்சேன்" என்று போன வருஷம் ஒருத்தர் எனக்கு எழுதியிருந்தார். சரியாகாது. வாங்கும்போதே கொத்தோட அடிநுனியில இருக்கிற ஒரு பழத்தைக் கிள்ளி வாயில போட்டுப் பாருங்க. கொத்தோட தோள்பக்கம் முதல்ல பழுக்கும், நுனி கடைசியாப் பழுக்கும். நுனி இனிச்சா கொத்து முழுக்க இனிக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கில் நான் திராட்சை வச்சு முப்பது வருஷம் ஆகுது. எல்லாம் பன்னீர் திராட்சைதான். வெளிநாட்டுக்காரர்கள் இதை மஸ்கட் ஹாம்பர்க் என்பார்கள். 1832-ல பிரான்ஸ் நாட்டுப் பாதிரியார் ஒருத்தர்தான் இந்தக் கொடியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டாந்தார் என்று சொல்வார்கள். 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சப்பவும் பேப்பர்ல அதையே போட்டிருந்தார்கள். மற்ற ஊர்ல வருஷத்துல சில மாசம்தான் பழம். எங்க பள்ளத்தாக்குல கவாத்தை மாத்தி மாத்தி அடிச்சு வருஷம் முழுக்க எங்காவது ஒரு பந்தல்ல பழம் தொங்கும். கவாத்து அடிச்சா ஏறக்குறைய நாலு மாசத்துல வெட்டு.

அந்த நாலு மாசத்துல கடைசிப் பத்து நாள்தான் கண்டம். இன்னும் ஒரு வாரம் விட்டா நல்லா நிறம் ஏறி, இனிப்பு ஏறி, வாசம் வரும். ஆனா மேற்கே மலைமேல மேகம் கட்டுது. ஒரு மழை விழுந்தா பழம் வெடிச்சுப் போகும். வியாபாரி லாரியை இன்னைக்குத்தான் அனுப்புறேன் என்கிறார். வெட்டுறதா, விடுறதா? பழம் பழுக்கிற நேரம் ஒண்ணு. நமக்கு வாய்க்கிற நேரம் ஒண்ணு. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் திராட்சைக்காரன் பொழப்பு ஓடுது.

இதை ஏன் சொல்றேன் என்றால், போன மார்கழியில எங்க தோட்டத்துல ஒரு ஒயின் பாட்டிலைத் திறக்கிறதா வேண்டாமா என்று ஒரு வழக்கு நடந்துச்சு. அதுவும் கிட்டத்தட்ட இதே வழக்குதான்.

என் அக்கா மகன் பிரான்சுல துலூஸ் என்கிற ஊர்ல வேலை பார்க்கிறான். மார்கழி லீவுக்கு வரும்போது ஒரு பாட்டில் கொண்டாந்தான். கரும்பச்சைக் கண்ணாடி, 750 மில்லி. லேபிள்ல 2015 என்று போட்டிருந்துச்சு. அந்த வருஷம் பறிச்ச திராட்சையில செஞ்சது என்று அர்த்தம். மதிரான் என்று ஒரு பகுதி. துலூஸ்ல இருந்து மேற்கே கார்ல ரெண்டு மணி நேரம், பிரனீஸ் மலை அடிவாரமாம். மலையடிவாரம் என்றதும் எனக்கு நம்ம ஊர் ஞாபகம்தான்.

"மாமா, இதை இப்பத் திறக்கக் கூடாது. கடைக்காரரே இன்னும் பத்து வருஷம் போகட்டும்னுதான் சொன்னாரு. 2035 வரைக்கும்கூட வைக்கலாமாம். உங்ககிட்ட இருக்கட்டும், பத்திரமா வைங்க" என்றான்.

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. எங்க தெருவுல குடியால அழிஞ்ச வீடு எத்தனை என்று எனக்குத் தெரியும். பாட்டில் என்று ஒண்ணு வீட்டுக்குள்ள வந்ததுமே என் வீட்டுக்காரி முகம் மாறிப்போச்சு. "அது எதுவா இருந்தாலும் தோட்டத்து மோட்டார் ரூமோட நிக்கட்டும்" என்று சொல்லிட்டாள். அதுல தப்பில்லை. ஆனா எனக்கு வேற ஒரு ஆவல். நான் விளைவிக்கிற பழம் வெட்டின நாலாம் நாள் குப்பை. இவன் கையில இருக்கிறது வெட்டி ஒன்பது வருஷம் ஆன பழம், இன்னும் பத்து வருஷம் ஏறுமாம். பறிச்ச பிறகு பழுக்காத திராட்சை பாட்டிலுக்குள்ள போய்ப் பழுக்குதா?

பழுக்குது என்றுதான் மாப்ள சொன்னான். அவன் படிச்சவன், நிதானமா விளக்கினான். வெள்ளை ஒயினுக்குச் சாறை மட்டும் பிழிஞ்சு எடுப்பார்களாம். சிவப்பு ஒயினுக்குத் தோல், விதையோட சேர்த்து நொதிக்க விடுவார்கள். நிறமும் துவர்ப்பும் அந்தத் தோல்ல இருந்தும் விதையில இருந்தும்தான் வருது. துவர்ப்புக்குக் காரணமான சத்துக்கு டானின் என்று பேர். டீத்தூள்ல, பாக்குல, கடுக்காயில, நாவல்பழத்துல இருக்கிற அதே சங்கதிதான். நம்ம எச்சில்ல வழவழப்பா ஒரு புரதம் இருக்கு. டானின் போய் அதைப் பிடிச்சுக் கட்டிப்போடும். அதனாலதான் வாய் வறண்டு இழுக்குது.

வருஷம் போகப் போக அந்த டானின் ஒண்ணோட ஒண்ணு, நிறத்தோடயும் சேர்ந்து பெருசாகி, கனம் தாங்காம வண்டலா அடியில படியும். அப்பத் துவர்ப்பு குறையும். ஊதாவா இருந்த நிறம் செங்கல் நிறத்துக்குத் திரும்பும். பழவாசம் அடங்கி, காஞ்ச இலை, தோல், புகையிலை மாதிரி வேற வாசமெல்லாம் வரும். எல்லா ஒயினும் இப்படி இல்லை. பெரும்பாலானது வாங்கினதும் குடிக்கத்தான். துவர்ப்பும் புளிப்பும் கெட்டியா இருக்கிறதுதான் காலம் தாங்கும்.

மதிரான் ஒயினுக்கு முக்கியமான திராட்சை தன்னா. அதுல டானின் மித்த ரகங்களைவிட அதிகம். முந்தியெல்லாம் அந்த ஒயினை வருஷக்கணக்கா வைக்காம வாயில வைக்க முடியாதாம். வாங்குறவன் அவ்வளவு காலம் பொறுக்க மாட்டேங்கிறானே என்று, 1990-களின் தொடக்கத்துல பத்ரிக் துகூர்னோ என்கிற மதிரான்காரர் ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கார். தொட்டியில இருக்கும்போதே ஒயினுக்குள்ள துளித்துளியா ஆக்சிஜன் குமிழி விடுறது. துவர்ப்பு சீக்கிரம் அடங்கும். இப்ப உலகத்துல பல இடத்துல அதைச் செய்றாங்களாம். கேட்டதும் சிரிச்சேன். காத்திருக்க முடியாத வியாபாரி அங்கேயும் இருக்கான் பாருங்க.

இப்ப வழக்குக்கு வர்றேன்.

எங்க தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம் சின்னையாவோடது. ரத்தச் சொந்தம் இல்லை, அப்பா காலத்துல இருந்து அப்படித்தான் கூப்பிடுறோம். வயசு எழுபத்தாறு. எனக்குக் கவாத்துக் கத்தரி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர். எந்த மொட்டை விடணும், எதை வெட்டணும் என்று அவர் விரலைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டேன். அவரோட பந்தலுக்கு வயசு இருபத்தி ரெண்டு. கல்தூண் சில இடத்துல சாஞ்சிருச்சு, கம்பி துருப்பிடிச்சிருச்சு. மருந்தடிக்க ஆள் கிடைக்கலை. மகன் திருப்பூர்ல இருக்கான், "தென்னையை வச்சு விட்டுருங்கப்பா, உங்களால முடியாது" என்று ரெண்டு வருஷமாச் சொல்றான். கடைசியில மார்கழி வெட்டு முடிஞ்சதும் கொடியை எடுத்துர்றது என்று முடிவாயிருச்சு. தை பொறந்ததும் ஜேசிபி வரும்.

அந்தக் கடைசி வெட்டு நடந்த வாரம்தான் இந்தப் பாட்டில் வந்து நின்னுச்சு.

நான் மாப்ளகிட்ட, "இதை இந்த ஞாயித்துக்கிழமை திறப்போம், சின்னையாவையும் கூப்பிடுவோம்" என்றேன்.

அவன் முகம் வாடிப்போச்சு. "வேணாம் மாமா, வீணாப் போயிரும். பிஞ்சுல பறிச்ச மாதிரி. இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்ததே அதுக்காகவா?"

"பத்து வருஷம் கழிச்சுத் திறந்தா யாரு இருப்பாங்க மாப்ள?"

அதுக்கு அவன் பதில் சொல்லலை. இன்னொரு விஷயமும் கேட்டேன். இதை எந்தச் சூட்டுல வைக்கணும்? பன்னிரண்டு பதினாலு டிகிரி, வெளிச்சம் படாம, ஆடாம அசையாம, படுக்கை வசத்துல என்றான். சித்திரையில எங்க மோட்டார் ரூமுக்குள்ள நிக்க முடியாது. பத்து வருஷம் இங்க வச்சா ஒயின் பழுக்காது, வெந்துதான் போகும். அது அவனுக்கும் தெரியும். திரும்ப எடுத்துட்டுப் போறதா, இங்கேயே திறக்கிறதா என்று ரெண்டு நாள் யோசிச்சான். மூணாம் நாள் அவனே பாட்டிலை எடுத்து நிமித்தி வச்சான். வண்டல் அடியில இறங்கட்டும் என்று.

ஞாயித்துக்கிழமை மதியம் வேலையாட்கள் போன பிறகு சின்னையா பந்தலுக்குக் கீழேயே கட்டிலைப் போட்டோம். வீட்டுக்காரி ஆட்டுக்கறி சுக்கா வறுத்துக் கொடுத்தனுப்பினாள். ஒயினுக்காக இல்லை, மாப்ளைக்காக என்று சொல்லித்தான். ஆனா துவர்ப்பான ஒயினுக்குக் கறிதான் பொருத்தமாம். டானின் எச்சிலை விட்டுட்டுக் கறியோட புரதத்தைப் பிடிச்சுக்கும். மதிரான்காரர்களும் கொழுப்போட வாத்துக்கறி வச்சுத்தான் சாப்பிடுவார்களாம்.

மாப்ள திருகாணியை விட்டு மெதுவா இழுத்தான். கார்க் முழுசா வந்துச்சு. சின்னையா முதல்ல ஒயினைப் பார்க்கலை, கார்க்கைத்தான் வாங்கிப் பார்த்தார். "இது என்ன மரம்?" என்றார். ஓக் மரத்துல ஒரு சாதி, போர்ச்சுகல்ல நிறைய இருக்கு, மரத்தை வெட்ட மாட்டார்கள், பட்டையை மட்டும் உரிப்பார்கள் என்று மாப்ள சொன்னான். நட்டு ஏறக்குறைய இருபத்தஞ்சு வருஷம் கழிச்சுத்தான் முதல் உரி. அப்புறம் ஒன்பது வருஷத்துக்கு ஒரு தடவை. முதல் ரெண்டு உரியும் பாட்டிலுக்கு ஆகாது, மூணாவது உரியில இருந்துதான் இந்த மாதிரி கார்க் வரும்.

சின்னையா விரல் விட்டு எண்ணினார். "இருபத்தஞ்சு, ஒன்பது, ஒன்பது. நாப்பத்தி மூணு வருஷம். நட்டவன் எடுத்திருக்க மாட்டான்" என்றார். கார்க்கைத் திருப்பிக் கொடுக்காம சட்டைப் பையில போட்டுக்கிட்டார்.

டீ கிளாஸ்ல ஆளுக்கு ரெண்டு விரக்கடை ஊத்தினான். மீதியைக் கண்ணாடி ஜக்குல மெதுவா சாய்ச்சான். காத்துப் படட்டும் என்று.

நிறம் நடுவுல கருப்பு, ஓரத்துல ஊதா. செங்கல் நிறம் இன்னும் எட்டிக்கூடப் பார்க்கலை. மோந்தேன். பெருசா ஒண்ணும் வரலை. நாவல்பழம் மாதிரி லேசா, அதுக்குப் பின்னாடி இரும்பு மாதிரி ஏதோ. வாயில வச்சதும் பல், ஈறு, நாக்கு எல்லாம் இழுத்துக்கிச்சு. கருவேலம்பட்டையை மென்ன மாதிரி. எனக்கு அதுக்கு மேல சொல்லத் தெரியலை. சின்னையா முழுங்கிட்டுக் கண்ணை மூடி இருந்தார். "கடுக்காய்த் தண்ணி" என்றார். மாப்ள தலையில கைய வச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டான்.

"நாந்தான் சொன்னேனே தாத்தா, பத்து வருஷம் முன்னாடியே திறந்துட்டோம்."

"பேராண்டி, பொறு. ஒரு வாய்க்குள்ள தீர்ப்புச் சொல்லாதே" என்றார் அவர்.

கறி வந்துச்சு. சுக்காவை ஒரு வாய் தின்னுட்டுக் குடிச்சா அந்த இழுப்பு பாதியாக் குறைஞ்சு போச்சு. அவன் சொன்னது நிஜம்தான். ஒரு மணி நேரம் கழிச்சு ஜக்குல இருந்து கொஞ்சம் ஊத்தினான். இப்ப வாசம் வந்துச்சு. நல்லாப் பழுத்த நாவல்பழம், உலர்ந்த திராட்சை, அடியில மிளகு மாதிரி ஒரு காரம். துவர்ப்பு இருக்கு, ஆனா முள்ளாக் குத்தலை. பேசிக்கிட்டே இருந்தோம். ரெண்டாம் மணி நேரத்துல இன்னும் இறங்கி வந்துச்சு. புளிப்பு எங்கே இருக்கு, பழம் எங்கே இருக்கு என்று தனித்தனியாத் தெரிய ஆரம்பிச்சுச்சு.

எனக்கு அப்ப ஒண்ணு புரிஞ்சுச்சு. உச்சத்துல இருக்கிற பழத்தைத் தின்னா ருசி மட்டும்தான் தெரியும். அது எதுல இருந்து வந்துச்சு என்று தெரியாது. உச்சத்துக்கு முன்னாடி வாயில வச்சா, இதுல என்னென்ன இருக்கு, எது எதோட இன்னும் சேராம நிக்குது என்று எல்லாம் தெரியும். நாங்க வெட்டுக்குப் பத்து நாள் முன்னாடி பந்தலுக்குள்ள போய் ஒரு பழத்தைக் கிள்ளித் தின்னு பார்க்கிறோமே, அது ருசிக்கா? இல்லை. இந்தத் தடவை கொடி என்ன பிடிச்சு வச்சிருக்கு, இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்கத்தான். துவர்ப்பு கெட்டியா இருந்தும் பழம் அதுக்குள்ள மறைஞ்சு நின்னா அது நல்ல சரக்கு. வெறும் துவர்ப்பு மட்டும் இருந்தா காத்திருந்தாலும் ஒண்ணும் வராது.

சின்னையா பாதி கிளாஸை அப்படியே வச்சுட்டார். "போதும். இதை நாளைக்குக் காலையில பார்க்கிறேன்" என்றார். தட்டு ஒண்ணால மூடி, மோட்டார் ரூம்ல குளிர்ச்சியான மூலையில வச்சார். மாப்ளைக்கு நம்பிக்கை இல்லை. காத்துப் பட்டா கெட்டுப் போகும், புளிச்சுப் போகும் என்றான். பழைய ஒயினா இருந்தா அப்படித்தானாம். நல்லா வயசானதைத் திறந்து வச்சா சில சமயம் கொஞ்ச நேரத்துலயே வாசம் செத்துப் போகுமாம்.

மறுநாள் காலையில தண்ணி பாய்ச்சப் போனப்ப நாங்க மூணு பேரும் அந்தக் கிளாஸை எடுத்தோம். ஆளுக்கு ஒரு மடக்குதான் வந்திருக்கும். என்னத்தைச் சொல்ல. முந்தின நாள் பல்லைக் கட்டினது இப்ப வாய் முழுக்க மெத்துன்னு பரவுச்சு. மழை நின்ன பிறகு பந்தலுக்கு அடியில வருமே ஒரு வாசம், காஞ்ச இலையும் ஈர மண்ணும் சேர்ந்தது, அது வந்துச்சு. மாப்ள ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னான், "தாத்தா, இது கெட்டியான சரக்கு. ஒரு ராத்திரி காத்தைத் தாங்கி இன்னும் நல்லா ஆயிருக்குன்னா, நிஜமாவே இன்னும் பத்து வருஷம் போயிருக்கும்."

பத்து வருஷமும் ஒரு ராத்திரியும் ஒண்ணு ஆயிராது. பாட்டிலுக்குள்ள மூச்சு முட்ட அடைஞ்சு கிடந்து மாறுறது வேற, திறந்த கிளாஸ்ல காத்துப் பட்டு மாறுறது வேற. ஆனா போற திசை தெரிஞ்சுச்சு. அது போதும் எங்களுக்கு.

மாப்ள இன்னொண்ணும் சொன்னான். அவன் இருக்கிற ஊர்ச் சந்தையில செப்டம்பர் மாசம் நம்ம பன்னீர் திராட்சையே விற்குமாம். வாந்து மலைப்பக்கம் விளையுறது, மஸ்கட் என்று எழுதி அடுக்கி வச்சிருப்பார்கள். "வாயில போட்டா நம்ம தோட்டத்து வாசம்தான் மாமா" என்றான். அதைச் சொல்லும்போது சின்னையா தன் கொடியையே பார்த்துக்கிட்டு இருந்தார். நம்ம பன்னீருக்குத் தோல்ல இவ்வளவு துவர்ப்பு கிடையாது. அதுல ஒயின் செஞ்சாலும் வாசம் இருக்கும்போதே குடிச்சுறணும், வருஷக்கணக்கு தாங்காது. அதது அதுக்குண்டான ஆயுள்.

தை மாசம் ஜேசிபி வந்துச்சு. சின்னையா மனசு மாறலை, நானும் மாறச் சொல்லலை. எழுபத்தாறு வயசுல ஏணி ஏறி மருந்தடிக்க முடியாது என்கிறது நிஜம். ஆனா வண்டி வர்றதுக்கு முதல் நாள் கத்தரியை எடுத்துக்கிட்டு அவர் தனியாப் பந்தலுக்குள்ள போனார். பழுத்த தண்டாப் பார்த்து, நாலு கணு வச்சு, எழுபது எண்பது குச்சி வெட்டி, ஈரச்சாக்குல சுத்தி எங்க வீட்டு வாசல்ல கொண்டாந்து இறக்கினார்.

"உன் தோட்டத்துல கிழக்கு வரிசை காலியாத்தானே கிடக்கு? பையில போட்டு வேர் பிடிக்க வை."

"இது காய்க்க ரெண்டு வருஷம் ஆகுமே சின்னையா."

"ஆகட்டும். நட்டவனே எடுக்கணும்னு சட்டமா இருக்கு?"

எண்பதுல அறுபத்தி மூணு துளிர்த்திருக்கு. தினமும் சாயங்காலம் வந்து எண்ணிட்டுப் போறார். அவர் தோட்டத்துல இப்பத் தென்னங்கன்னு நிக்குது.

உங்கள்ல யார் வீட்டிலயாவது இந்த மாதிரி வருஷம் போட்ட பாட்டில் எதுக்காகவோ காத்துக்கிட்டு இருந்தா, நான் குடிக்கச் சொல்லலை, குடிக்காதவர்கள் குடிக்கவே வேண்டாம். திறக்கிறதா இருந்தா மட்டும் சொல்றேன். யாரோட திறக்கணும் என்று முதல்ல பாருங்க, எந்த வருஷம் என்பதை அப்புறம் பாருங்க. முதல் வாய் கடுக்காயா இருந்தா முகம் சுளிக்காதீங்க. ஒரு கிளாஸை மூடி மறுநாளைக்கு வைங்க.

பன்னீர் திராட்சை மட்டும் அப்படி வைக்காதீங்க. வாங்கின அன்னைக்கே கழுவித் தின்னுருங்க.